காய்ந்த கரிசல் எவ்வளவு வேகமாகக் குடிக்கும்?
கோடையில் எங்கள் கரிசல் காட்டில் ஒரு இரும்பு வளையத்தைத் தட்டி இறக்கி, பக்கவாட்டுக் கசிவு கணக்கைக் கெடுக்காமல் இருக்க வெளியே பெரிய வளையம் ஒன்றும் வைத்து, தண்ணீர் ஊற்றிவிட்டு ஸ்கேலும் கைபேசியுமாக உட்கார்ந்தேன். முதலில் மண் மடமடவென்று குடித்தது. அப்புறம் மெல்லக் குறைந்தது. காய்ந்த மண்ணின் நுண்துளைகள் நீரை உறிஞ்சி இழுக்கும், ஈரம் ஆழமாக இறங்க இறங்க அந்த இழுப்பு தளர்ந்துவிடும். தொடக்கத்தில் இறங்கும் நீர் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று 1957இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஜான் ஃபிலிப் காட்டினார். அதாவது 4 நிமிடத்தில் 2 செ.மீ. இறங்கினால், 16 நிமிடத்தில் ஏறக்குறைய 4 செ.மீ.தான்!

ஆனால் வெடிப்பு விட்ட கரிசலில் இது எடுபடாது. தண்ணீர் வெடிப்பு வழியே நேராக ஓடும், மண் ஊதி வெடிப்பு மூடியதும் வேகம் சட்டென்று விழும். வெடிப்பைத் தவிர்த்து அளப்பது சரியில்லை என்றே நினைக்கிறேன், முதல் மழை இறங்குவதே அதில்தானே.