தொண்ணூற்றொன்பதில் நின்ற குதிரை

"என் மகளின் குதிரை பயிற்சியை முழுசாக முடித்துவிட்டது என்று திரையில் காட்டுகிறது. போட்டியில் சேர்க்கப் போனால், பயிற்சி முடியவில்லை என்று வருகிறது. மூன்று நாளாக அழுகிறாள்."

ஒரு திங்கள்கிழமை காலையில் என் மேஜைக்கு வந்த புகார் இது. அப்போது நான் சென்னையில் ஒரு சிறிய கேம் நிறுவனத்தில் டெஸ்டர். குட்டியிலிருந்து குதிரை வளர்க்கும் விளையாட்டு ஒன்றை வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகச் செய்துகொண்டிருந்தோம். தீனி வைக்க வேண்டும், உடம்பு தேய்த்துவிட வேண்டும், தினமும் ஓட்டமும் தாண்டுதலும் பழக்க வேண்டும். பயிற்சிப் பட்டை நிரம்பினால்தான் போட்டி.

நெட் பிரச்சினையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். சரி, நாமே செய்து பார்ப்போம் என்று புதுக் குதிரை ஒன்றை உருவாக்கினேன். சின்னப் பயிற்சிக்கு 0.1 புள்ளி, பெரிய பயிற்சிக்கு 0.25. மொத்தம் 1 வந்தால் முழுமை. சின்னப் பயிற்சியை மட்டும் பத்து முறை கொடுத்தேன். பட்டை நிரம்பியது, 100 என்று காட்டியது, பயிற்சி பட்டனும் மறைந்தது. டேட்டாபேஸைத் திறந்தால் 0.9999999999999999 என்று இருக்கிறது.

கம்ப்யூட்டர் எண்களை இரண்டின் அடிப்படையில் வைத்துக்கொள்கிறது. மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று எவ்வளவு நீட்டி எழுதினாலும் முடியாததுபோல, அதற்குப் பத்தில் ஒரு பங்கைச் சரியாக எழுத வராது. பத்து முறை கூட்டும்போது ஒரு துளி குறைந்துவிடுகிறது. திரை அதை முழு எண்ணாக்கிக் காட்டியது. போட்டியின் வாசலில் இருந்த சோதனையோ சரியாக 1 கேட்டது. 0.25-ஐ நான்கு முறை கூட்டினால் இந்தச் சிக்கலே இல்லை, பிசகாமல் 1 வரும். பெரிய பயிற்சி கொடுத்து அவசரமாக முடித்தவர்களின் குதிரைகள் போட்டிக்குப் போய்விட்டன. தினம் ஒரு சின்னப் பயிற்சியாகப் பத்து நாள் பொறுமையாகக் கொடுத்த பிள்ளையின் குதிரைதான் வாசலில் நின்றது. இதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

புள்ளிகளை முழு எண்களாக மாற்றி, ஆயிரத்துக்கு இத்தனை என்று வைத்தோம். அரை நாள் வேலை. ஆனால் அதோடு விடவில்லை. "நேற்று பயிற்சி கொடுத்தேன், கணக்கில் வரவில்லை" என்று வேறு புகார்களும் குவிந்திருந்தன. எங்கள் விளையாட்டில் நாள் மாறுவது உலகப் பொது நேரப்படி நள்ளிரவில். நமக்கு அது காலை 5.30. அமெரிக்க மேற்குக் கடற்கரையில் கோடைக்கால நேரப்படி மாலை 5 மணி, பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து ஃபோனை எடுக்கும் நேரம். திங்கள் மாலை 4.30-க்கும் செவ்வாய் மாலை 5.30-க்கும் விளையாடிய பிள்ளைக்கு, முதலாவது திங்கள் கணக்கிலும் அடுத்தது புதன் கணக்கிலும் விழுவதால், நடுவில் ஒரு நாள் தவறிப்போனதாகக் கணக்கு சொல்லும். அந்தப் பிள்ளை ஒரு நாளும் தவறவிடவில்லை. அதைக் காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. மொத்தப் புள்ளி ஒன்றைத்தான் சேமித்து வைத்திருந்தோம்.

மற்றவர்கள் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஹவ்ர்ஸ் விளையாடிப் பார்த்தேன். 2005-இல் பிரான்ஸில் தொடங்கிய இணையக் குதிரை வளர்ப்பு விளையாட்டு அது. அங்கே நமக்கு ஒரு நாள் என்றால் குதிரைக்கு இரண்டு மாதம். குதிரையின் மரபுத் தரத்துக்கு பி.எல்.யு.பி. (BLUP) என்று ஒரு மதிப்பெண், -100-லிருந்து 100 வரை போகும். 100 எட்டப் பயிற்சி முழுவதும் முடிய வேண்டும், 20 போட்டி ஜெயிக்க வேண்டும், குதிரைக்குப் பத்து வயதும் ஆக வேண்டும். இயல்பாக விட்டால் வயதுக்கு மட்டுமே 60 நாள் ஆகும். (அந்தப் பெயர் நிஜக் கால்நடை வளர்ப்பிலிருந்து வந்தது. எந்தக் காளையின் வாரிசு நன்றாகப் பால் தரும் என்று கணிக்க அமெரிக்க விலங்கு மரபியலாளர் சார்லஸ் ஹெண்டர்சன் உருவாக்கிய கணக்கு முறை.) அறுபது நாள் ஒரு குதிரையோடு இருப்பவருக்கு மொத்தக் கணக்கைக் காட்டும் ஒரே ஒரு எண் மட்டும் எப்படிப் போதும்?

எங்கள் டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்ட அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் அப்பாவுக்குக் கிண்டி ரேஸ் பைத்தியம். காலைப் பயிற்சி விவரத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருப்பாராம். மறுநாள் அண்ணன் அந்த நோட்டையே கொண்டுவந்தார். பழுப்பேறிய துண்டுகள். குதிரையின் பெயர், பக்கத்தில் 600/42 மாதிரி ஒரு கணக்கு. 600 மீட்டரை 42 நொடியில் ஓடியது என்று அர்த்தம். அதற்கும் பக்கத்தில் ஒரே ஒரு சொல். ஈஸி. அல்லது புஷ்டு.

"ஏம்மா, நேரத்தை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவ. 42-ல அதுவா ஓடிச்சா, அடிச்சு ஓட்டினாங்களா, அதுதான் விஷயம். அப்பா அந்தக் கடைசி வார்த்தையைத்தான் முதல்ல படிப்பாரு."

அந்த நோட்டைப் பார்த்துத்தான் எங்கள் பதிவேடு உருவானது. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு வரி: விளையாடுபவரின் ஊர் நேரம், என்ன பயிற்சி, எத்தனை புள்ளி, அப்போது குதிரை களைப்பாக இருந்ததா தெம்பாக இருந்ததா. மொத்தத்தை இனித் தனியாக நம்ப வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் வரிகளைக் கூட்டிப் பார்க்கலாம். கடைசியில் குறிப்பு எழுத ஒரு கட்டம். அது எதற்கு என்று மீட்டிங்கில் கேட்டார்கள். அதற்காக இரண்டு வாரம் வாதாடினேன். வெளியான பிறகு நிரம்பியதும் அதுதான். "இன்று தண்ணீரைப் பார்த்துப் பயந்தான்" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. எங்கள் விளையாட்டில் குதிரை தண்ணீருக்குப் பயப்படும்படி எந்த நிரலும் கிடையாது.

அந்த முதல் குதிரைக்கு முழுப் புள்ளி கொடுத்து, போட்டிக்கு அனுப்பிவிட்டு, அம்மாவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். பதிவேடு வெளியானதும் அவரிடமிருந்து இன்னொரு கடிதம். நன்றி சொல்லிவிட்டு ஒன்று கேட்டிருந்தார்: மகள் முதல் பத்து நாள் கொடுத்த பயிற்சிகளும் அதில் தெரியுமா?

தெரியாது. அந்த நாட்களை நாங்கள் எழுதி வைக்கவில்லை. தேதிகளை உத்தேசமாகப் போட்டு நிரப்பிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் குதிரையின் பதிவேட்டில் முதல் பத்து நாள் காலியாகத்தான் இருக்கிறது.