கொக்கொரிஞா: மூன்று வாரப் பயிற்சிக் குறிப்பு

பிரேசிலியத் தற்காப்புக் கலையான கப்போயிராவில், வரும் உதையைப் பெரும்பாலும் கையால் தடுப்பதில்லை. அது வரும் வழியிலிருந்து விலகிக்கொள்வதே முதற்பாடம். அவ்வாறு விலகும் அசைவுகளில் எளியதாகக் கருதப்படும் கொக்கொரிஞாவை மூன்று வாரங்களாகப் பழகி வருகிறேன். குந்தி உட்காருவதைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது என்று அறிந்ததும், சிறுவயது முதல் குந்தி உட்கார்ந்து பழகிய எனக்கு இதில் கற்க என்ன இருக்கப்போகிறது என்ற மிதப்பு வந்தது உண்மை.

பிரேசிலின் சால்வடோர் நகரில் 1932-இல் கப்போயிராப் பள்ளி தொடங்கிய மெஸ்த்ரி (ஆசான்) பிம்பா, புதிய மாணவர்களுக்காக இருவர் சேர்ந்து செய்யும் பயிற்சித் தொடர்களை வகுத்தார். ஒருவர் மெய்யா லுவா ஜி ஃப்ரென்ச்சி என்னும் அரைவட்ட உதையை இருமுறை வீச, மற்றவர் இருமுறையும் கொக்கொரிஞாவில் இறங்குவதாகவே முதல் தொடர் தொடங்குகிறது. எதிரில் இருப்பவரின் வலக்கால் என் இடப்பக்கத்திலிருந்து வளைந்து வரும்போது, நான் இரு பாதங்களும் தரையில் படியக் குந்தி, வலக்கையைப் பக்கவாட்டில் ஊன்றி, இடது முன்னங்கையால் முகத்தை மறைக்க வேண்டும்.

என் மிதப்பு முதல் நாளே இறங்கியது. நான் அறிந்த குந்தல் ஓய்வுக்கானது. அதில் எடை முழுவதும் பின்னால் சரிந்து அமர்ந்துவிடுவதால், எழுவதற்கு ஒரு கணம் கூடுதலாகப் பிடிக்கிறது. ஊன்றிய கையிலும் பாதி எடையைச் சாய்த்திருந்தேன். பயிற்சியாளர் அந்தக் கையைச் சட்டென்று தட்டிவிட்டார். நான் பக்கவாட்டில் உருண்டேன். "கை தரையைத் தொட்டால் போதும், அதை நம்பி உட்காராதீர்கள்" என்றார்.

இரண்டாம் வாரம் வீட்டு மொட்டை மாடியில் துணிக்கொடியில் ஒரு தலையணையைக் கட்டித் தொங்கவிட்டு, தம்பியை அதை வீசச் சொன்னேன். என் பெரிய பிழை அப்போதுதான் தெரிந்தது: கை ஊன்ற இடம் தேடிக் கண்கள் தரைக்குப் போய்விடுகின்றன. அப்படி ஒருமுறை குனிந்தபோது தலையணை காதோடு சேர்த்து அறைந்தது. தம்பி சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டார் எட்டிப் பார்த்தனர். பிறகு அவன் சட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எண் எழுதிய தாளைக் குத்தி, இறங்கும்போதே அந்த எண்ணை வாய்விட்டுப் படிப்பது என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு முறையும் அவன் தாளை மாற்றியதால் நினைவிலிருந்து ஏமாற்ற வழியில்லை. நான்கு நாளில் பார்வை நிமிர்ந்தது.

இப்போது ஜிங்கா எனப்படும், கால்களை மாற்றி மாற்றிப் பின்வைத்து ஆடும் அடிப்படை அசைவோடு இணைத்துச் செய்கிறேன். பின்னால் போன காலை முன்காலுக்கு இணையாகக் கொண்டுவந்து இறங்க வேண்டும். அவசரத்தில் கால்கள் முன்னும் பின்னுமாக இருக்கும்போதே அமர்ந்துவிட்டால் குதிகால் தூக்கிக்கொள்கிறது. முன்கூட்டியே இறங்குவதும் பிழைதான், ஏனெனில் அதைக் கண்ட எதிராளி உதையைப் பாதியில் மாற்றிக்கொள்ளலாம். நேற்று வகுப்பில், இடப்பக்கத்திலிருந்து வந்த 20 உதைகளில் 16-க்குச் சரியாக இறங்கினேன். வலப்பக்கத்திலிருந்து வந்தவற்றில் 9-க்கு மட்டுமே. அந்தப் பக்கத்தில் ஒருமுறை துணைவரின் குதிகால் என் மணிக்கட்டை உரசிச் சென்றது. முகத்துக்கு முன் கையை எதற்கு வைக்கச் சொன்னார்கள் என்பது அன்றுதான் உறைத்தது. பிம்பாவின் முதல் தொடரில் அடுத்து வரும் நெகச்சிவா என்னும் தாழ்வான விலகலைக் கற்றுத்தரும்படி பயிற்சியாளரிடம் கேட்டேன். வலப்பக்கம் தேறும்வரை கிடையாது என்று சொல்லிவிட்டார்.