நூறு ஹெர்ட்ஸில் சுருதி சேர்த்த ஆல்பம்

ராக் குழுக்களின் முதல் ஆல்பம் பெரும்பாலும் சேர்த்து வைத்த பாட்டுகளின் தொகுப்பாகத்தான் வரும். கல்லூரி விழாவில் கைதட்டல் வாங்கியது, நண்பர்களுக்குப் பிடித்தது என்று எல்லாவற்றையும் ஏற்றிவிடுவார்கள். அடுத்த ஆல்பம் வருமா என்று யாருக்கும் தெரியாது என்பதால் அதைக் குறை சொல்லவும் முடியாது. கோத்தகிரியிலிருந்து வந்த நான்கு பேர், எங்கள் முதல் ஆல்பமே தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கதையாக இருக்க வேண்டும் என்றபோது, அந்தத் துணிச்சலுக்காகவே அந்த வேலையை ஒப்புக்கொண்டேன். குன்னூரில் சிறிய ஒலிப்பதிவுக்கூடம் நடத்துகிறேன். படுகப் பாட்டு, பக்திப் பாட்டு, விளம்பரக் குரல் ஆகியவைதான் வழக்கமான வருமானம்.

கதை, பாடகியின் அம்மாயியினுடையது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கைத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாகப் பிரித்தது. மீதி 1,50,000 பேரின் தலைவிதியைப் பேசி முடிக்க இன்னும் பத்தாண்டு ஆனது. அப்படிப் பிரிக்கப்பட்டவர்களில் ஒருத்தியாகத் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்து சேர்ந்தவர் அந்த அம்மாயி. தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தமிழக அரசு இங்கே தேயிலை நடத் தொடங்கியது. 1976இல் அது தேயிலைத் தோட்டக் கழகமானது. இவை பாட்டில் எங்கும் வராது. ஒன்பது பாட்டுகளும் அவர் கண்ணால் கண்டதோடு நின்றுகொள்கின்றன.

கதைக்கு இசையில் ஒரு சரடு வேண்டும் என்று கிட்டார்க்காரர் முதல் நாளே சொன்னார். அவருடைய அப்பா ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மின்பணியாளர். அவர் மூலம் அனுமதி வாங்கி, இலை வாட்டும் தளத்தில் இரவில் மைக் வைத்தோம். நீளமான தொட்டிகளில் பச்சைக் கொழுந்து பரப்பியிருக்கும். அடியிலிருந்து மின்விசிறிகள் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். காற்றின் இரைச்சலுக்குக் கீழே மோட்டார்களின் முனகல் ஒன்று அசையாமல் நிற்கும். நம் மின்சாரம் வினாடிக்கு ஐம்பது சுழற்சி. அதனால் மோட்டாரின் இரும்புப் பாகம் அதிர்வது இரண்டு மடங்காக, நூறு ஹெர்ட்ஸில் கேட்கும். என் தொழிலில் நான் அன்றாடம் வடிகட்டி எறியும் சத்தம் இது. கேபிள் ஒழுங்காக இல்லையென்றால் இதுதான் பதிவில் வந்து உட்காரும்.

ஆனால் நூறு ஹெர்ட்ஸ் எந்த ஸ்வரத்திலும் விழாது. கிட்டாரில் ‘ஜி’ 98 ஹெர்ட்ஸ், அதற்கு அடுத்த ‘ஜி ஷார்ப்’ 103.8. முனகல் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. கணினியில் அதைக் கொஞ்சம் இறக்கி 98இல் நிறுத்துவது ஒரு நிமிட வேலை. அப்படிச் செய்து கேட்டோம். சுருதி சேர்ந்தது, தொழிற்சாலை காணாமல் போனது. பிறகு எதிர்வழியில் போனோம். முனகலை அப்படியே விட்டுவிட்டு, ‘ஜி’ நூறில் விழும்படி எல்லா வாத்தியங்களையும் அதற்கு ஏற்றினோம். உலகில் பெரும்பாலும் 440இல் சேர்க்கும் ‘ஏ’ ஸ்வரம் எங்களுக்கு 449 ஆனது. தந்திகள் சற்று விறைத்தன. பாடகி உச்சத்தில் மூச்சுக்குச் சிரமப்பட்டார். அந்தச் சிரமம் குரலில் கேட்கிறது, கேட்கட்டும் என்றுதான் விட்டிருக்கிறோம்.

முதல் திட்டப்படி முனகல் ஒன்பது பாட்டுகளிலும் ஓட வேண்டும். அதை மாற்றியவர் அம்மாயி. பேத்தியோடு ஒருநாள் கூடத்துக்கு வந்தார். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, வெறும் முனகலை மட்டும் போட்டேன். “அக்கரையிலும் இதே இரைச்சல்தான் தம்பி, லயத்தில் படுத்தால் இரவு முழுக்கக் கேட்கும்” என்றார். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அங்கேயும் மின்சாரம் ஐம்பது சுழற்சிதான் என்பதால், அவர் நினைவு இயற்பியல்படியும் சரி. அப்படியானால் கதையில் இந்தச் சத்தம் எங்கே இருந்தது, எங்கே இல்லை என்ற கேள்வி வந்தது. தோட்டத்தில் இருந்தது. கப்பலிலும் முகாமிலும் இல்லை. இங்கே வந்து வேலை கிடைத்ததும் மறுபடி வந்துவிட்டது.

முதல் இரண்டு பாட்டுகளில் மட்டும் வைத்துவிட்டு, மூன்று முதல் ஆறு வரை எடுத்துவிட்டோம். ஏழாவது பாட்டில் அது மெல்ல ஏறி வருகிறது. வந்து சேர்ந்த நிம்மதியா, அதே லயமும் அதே கொழுந்துக் கூடையும்தானா என்ற கசப்பா? எனக்கு இரண்டும் கேட்கிறது. எந்த வரியிலும் எழுதிச் சொல்ல முடியாததை அந்த முனகல் சொல்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு பெரிய வேலை, தப்பு என்னும் தோல் வாத்தியத்தைப் பதிவது. விடியலில் தப்படித்துத்தான் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிடுவார்கள் என்று அம்மாயி சொல்லியிருந்தார். அதனால் டிரம்ஸில் ஸ்னேர் என்ற சிறிய முரசு வர வேண்டிய இடங்களில் தப்பை வைத்தார்கள். ஐப்பசி மாத மூடுபனியில் தோல் நிமிடத்துக்கு நிமிடம் தளர்ந்தது. வெளியே சருகுகளைக் கொளுத்தி, தோலைக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, ஓடிவந்து மைக் முன்னால் அடிக்க வேண்டும். ஒரு டேக்கின் தொடக்கத்தில் கணீரென்று இருப்பது முடிவதற்குள் மந்தமாகும். அதனால் சிறு சிறு பகுதிகளாக எடுத்தோம். தகரக் கூரையில் மழை பிடித்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

மேடைகளில் இந்தக் குழுவுக்குப் பெயர் வாங்கித் தந்த காதல் பாட்டு ஒன்று இருக்கிறது. அதற்குக் கதையில் இடமே இல்லை. டிரம்ஸ் வாசிப்பவர், “அண்ணா, இதைக் கேட்கத்தானே எங்களைத் தேடி வருவார்கள்” என்று மனம் வெதும்பினார். அந்த வருத்தம் நியாயமானது. ஆனாலும் அதை நீக்க வேண்டும் என்ற பக்கம்தான் நின்றேன். ஆறாவது பாட்டின் களைப்பிலிருந்து ஏழாவதற்குப் போகும் வழியில் வேறு எது வந்தாலும், கேட்பவர் மலையேறாமல் பாதியில் இறங்கிவிடுவார். ஒரு மாலை முழுக்கப் பேசித் தனிப்பாட்டாக வெளியிடுவது என்று முடிவானது.

கதை ஆல்பத்தில் என் நேரத்தை அதிகம் தின்றவை பாட்டுகளுக்கு இடையிலுள்ள ஒட்டுகள். 1973இல் பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழு வெளியிட்ட கதை ஆல்பம் போன்ற ஒன்று இதயத் துடிப்பில் தொடங்கி அதிலேயே முடியும். நடுவில் இசைத்தட்டைத் திருப்பிப் போட ஒருமுறை எழுந்தால் போதும். இன்று ஒவ்வொரு பாட்டும் தனிக் கோப்பு. எம்பி3யாக மாற்றும்போது கோப்பின் முன்னும் பின்னும் துளி மௌனம் சேர்ந்துவிடும். அதைக் கழித்து இயக்கத் தெரியாத கருவியில் பாட்டுகளுக்கு நடுவே சின்ன வெட்டு விழும். சீராக ஓடும் முனகலில் அந்த வெட்டு மிகத் தெளிவாகக் கேட்கும். அதனால் முதல் பாட்டுக்கும் இரண்டாவதற்கும் நடுவே, தப்பின் ஓர் அடி விழும் இடத்தில் கோப்பைப் பிரித்தேன். அடியின் அதிர்ச்சி வெட்டை விழுங்கிவிடுகிறது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவிலும் அதேதான்.

ஒலி அளவிலும் ஒரு கவலை உண்டு. சில செயலிகள் பாட்டுகளைத் தனித்தனியே சம அளவுக்குக் கொண்டுவரும். முகாமைப் பற்றிய ஐந்தாவது பாட்டு ஏறக்குறைய முணுமுணுப்பு. அதையும் மற்றவற்றின் உயரத்துக்குத் தூக்கிவிட்டால் அந்த இடத்தின் ஒடுக்கம் போய்விடும். எனவே தனித்தனிப் பாட்டுகளோடு, ஒன்பதையும் சேர்த்து ஒரே நீளக் கோப்பாகவும் வெளியிடச் சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள்.

இசைத்தட்டாக அச்சிடும் ஆசையும் அவர்களுக்கு இருக்கிறது. ஒரு பக்கத்தில் இருபத்திரண்டு நிமிடம் வரை தரம் குறையாமல் கொள்ளும். நான்காவதான கப்பல் பாட்டோடு முதல் பக்கத்தை முடித்தால் கணக்கு சரியாக வருகிறது. தலைமன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே கேட்பவர் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டியிருக்கும். அதற்கான பணம் இன்னும் சேரவில்லை. இரண்டு பக்கங்களுக்குமான கோப்புகளை இப்போதே தனியாகத் தயாரித்துக் கொடுத்துவிட்டேன்.