பயாப்சிக்கு முன் கால் பெருவிரலைப் பாருங்கள்

குழந்தையின் மரபணு ரிப்போர்ட் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது: ஏ.சி.வி.ஆர்.1 மரபணுவில் 617-ஆவது டி.என்.ஏ. எழுத்து ஜி-க்குப் பதில் ஏ. எஃப்.ஓ.பி., அதாவது தசையும் தசைநாரும் எலும்பாக மாறும் நோய். ஏறத்தாழ பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருவது. ரத்தம் கொடுத்து முடிவு வாங்கியதில் சிரமமே இல்லை. அதற்கு முன்பு நடந்ததுதான் இன்னும் ஆறவில்லை.

முதுகில் வந்த வீக்கம் கல்லாக இறுகியதும் புற்றுக்கட்டியோ என்று சந்தேகப்பட்டு சதையில் துண்டு எடுத்தார்கள், அதுதான் பயாப்சி. எடுத்த இடத்திலேயே எலும்பு வளர்ந்தது. பிறந்த அன்றே இரண்டு கால் பெருவிரலும் குட்டையாக, பக்கத்து விரல் பக்கம் சாய்ந்துதான் இருந்தன. முதுகைப் பார்த்தவர்கள் யாரும் சாக்ஸைக் கழற்றச் சொல்லவில்லை. அந்த விரலும் இந்த வீக்கமும் சேர்ந்தால் கத்தியும் வேண்டாம், பயாப்சி ஊசியும் வேண்டாம். நேராக மரபணுச் சோதனைதான்.

காரணம் இது. ஏ.சி.வி.ஆர்.1 மரபணு உருவாக்குவது ஏ.எல்.கே.2 என்ற ஏற்பி, அதாவது செல்லின் மேலிருந்து சமிக்ஞை வாங்கும் புரதம். அதை ஆக்டிவின் ஏ என்ற இன்னொரு புரதம் சாதாரணமாகத் தூண்டாது. அந்த ஓர் எழுத்து மாறி, ஏற்பியின் 206-ஆவது இடத்தில் அர்ஜினின் என்ற அமினோ அமிலம் போய் ஹிஸ்டிடின் வந்துவிட்டால், அதே ஆக்டிவின் ஏ "எலும்பு கட்டு" என்று உத்தரவு போட்டுவிடுகிறது. காயம்பட்ட தசையில் இருக்கும் முன்னோடிச் செல்கள் முதலில் குருத்தெலும்பாகி, பிறகு எலும்பாகின்றன. 2006-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு கண்டுபிடித்த மாற்றம் இது. பெரும்பாலான நோயாளிகளுக்கு இதே ஓர் எழுத்துதான்.

அடுத்த வீண் அலைச்சல், குரோமோசோம் சோதனை. "நார்மல்" என்று வந்தது. வராமல் என்ன செய்யும்? ஓர் எழுத்து மாறியது அதில் தெரியவே தெரியாது. சோதனைச் சீட்டில் "ஏ.சி.வி.ஆர்.1 சீக்வென்சிங்" (மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிப்பது) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ரத்தம் ஊதா மூடி போட்ட இ.டி.டி.ஏ. குழாயில் போக வேண்டும். குரோமோசோமுக்கு எடுத்த பச்சை மூடிக் குழாயில் ஹெப்பாரின் இருக்கும், அது டி.என்.ஏ.வைப் பல மடங்கு நகலெடுக்கும் பி.சி.ஆரைக் கெடுக்கும். அதனால் குழந்தைக்கு மறுபடி ஒரு குத்து.

பெற்றோருக்கு இந்த மாற்றம் இல்லையென்றால் குழப்பம் வேண்டாம். பெரும்பாலும் இது குழந்தையிடம் புதிதாக நேர்வதுதான்.

நரம்பில் ரத்தம் எடுக்கலாம். தசையில் ஊசி கூடாது, பல் மருத்துவர் கீழ்த்தாடைக்குப் போடும் மரப்பு ஊசியும் கூடாது. தடுப்பூசி என்றால் தோலுக்கடியில் போட முடியுமா என்று கேளுங்கள். வீக்கம் இருக்கும்போது வேண்டாம். இதைச் சிவப்பு மையில் எழுதி, லேமினேட் செய்து பள்ளிப் பையில் வைத்தாயிற்று.