ஆறாம் கட்டையும் அஞ்சு ஹெர்ட்ஸும்

புரட்டாசி சனிக்கிழமை பஜனைக்கு என் டிஜிட்டல் பியானோவைத் தூக்கிக்கொண்டு சத்துவாச்சாரியிலிருந்து தோட்டப்பாளையத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பெரியப்பாவின் ஆர்மோனியப் பெட்டியும் நானும் சேர்ந்து முதல் பாட்டை எடுத்ததுமே பெரியம்மா கையை நீட்டி நிறுத்திவிட்டார். "இன்னாடா இது, ரெண்டும் சண்டை போடுது?"

இரண்டு பேரும் அஞ்சு கட்டையில்தான் வாசித்தோம். ஆனால் அவர் பெட்டி கொஞ்சம் ஏறியிருந்தது. பல வருஷமாக ரிப்பேர்காரர்கள் ரீடை (சத்தம் எழுப்பும் உலோக நாக்கு) சுரண்டிச் சுரண்டி வைத்த பெட்டி அது. நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும், அதில் நுனிப் பக்கம்தான் அதிகம் அடி வாங்கியிருக்கிறது போல. என் பியானோவில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டன் இதற்கு உதவாது. அது அரை அரைக் கட்டையாகத்தான் தாவும், எனக்கு வேண்டியதோ அரைக் கட்டையில் அஞ்சில் ஒரு பங்கு.

இதற்குத்தான் மாஸ்டர் ட்யூனிங் என்று ஒன்று இருக்கிறது, பியானோவின் மொத்தச் சுருதியையும் துளித்துளியாக ஏற்றி இறக்கலாம். வாங்கி மூன்று வருஷமாக நான் அதைத் தொட்டதே இல்லை. ஆறாம் கட்டை, அதாவது நடு ஏ, 440 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். பெரியப்பாவை அந்த ஒரு கட்டையை மட்டும் விடாமல் பிடிக்கச் சொல்லிவிட்டு, நான் அதே கட்டையை ஆர்கன் சத்தத்தில் அழுத்தினேன் (பியானோ சத்தம் வேண்டாம், காது பிடிப்பதற்குள் தேய்ந்துவிடும்). ஊங் ஊங் ஊங் என்று அலை அடிக்கும், அதை எண்ண வேண்டும். நொடிக்கு அஞ்சு அடித்தால் இரண்டுக்கும் வித்தியாசம் அஞ்சு ஹெர்ட்ஸ். ஏற்ற ஏற்ற அலை சோம்பிக்கொண்டே வந்து 445க்குப் பக்கத்தில் அப்படியே படுத்துவிட்டது. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை, பாட ஆரம்பித்தார். அவர் கொடுக்கும் சர்டிபிகேட் அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் சும்மா இருந்திருக்கலாம். பக்கத்திலேயே டெம்பரமென்ட் என்று ஒரு மெனு, சுவரங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி வைப்பது என்பதற்கு. ஈக்வல், ப்யூர் மேஜர், மீன்டோன், வெர்க்மைஸ்டர் என்று வரிசை. சாதாரணமாக நாம் வாசிப்பது ஈக்வல்; ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டாகச் சமமாக வெட்டியது, ஒவ்வொரு துண்டும் 100 சென்ட் (சுருதி இடைவெளியை அளக்கும் அளவு). அதில் பஞ்சமம் 700 சென்ட், இயற்கையானதற்கு இரண்டுதான் குறைவு, யாருக்கும் தெரியாது. அந்தர காந்தாரம் (இரண்டு காந்தாரத்தில் மேலே இருப்பது) தான் வில்லங்கம், 386இல் இருக்க வேண்டியது 400இல் நிற்கிறது. தம்பூராவைக் கொஞ்ச நேரம் கேட்டால் மந்தர சட்ஜத் தந்திக்குள்ளிருந்தே ஒரு காந்தாரம் கிளம்பி வருமே, அது அந்த 386தான். இயற்கையான இடைவெளிகளை வைக்கும் ப்யூர் மேஜருக்கு மாற்றி, போனில் தம்பூரா ஆப்பையும் 445க்கு ஏற்றி ஓடவிட்டு ச-க-ப பிடித்தேன். அலை என்பதே இல்லை, மூன்றும் ஒன்றாக உறைந்துபோன மாதிரி இருந்தது. அன்று ராத்திரி சங்கராபரணத்தைத் தவிர வேறெதையும் வாசிக்கவில்லை.

ஆனால் இதற்கு ஒரே ஆதாரச் சுருதியில் உட்கார வேண்டும். பியானோவில் அடிப்படைச் சுவரம் சி, அதாவது ஒரு கட்டை, என்றே கிடக்க, நான் பாட்டுக்கு இரண்டு கட்டையான டி-க்குப் போனேன், டி-க்கு மேல் பஞ்சமம் 680 சென்ட்டில் வந்து ஊளையிட்டது. கட்டை மாற்றினால் அடிப்படைச் சுவரத்தையும் கூடவே மாற்ற வேண்டும். ஆர்மோனியத்தோடு சேரும்போது இந்த ஆசையே வேண்டாம், அதன் ரீடுகள் ஈக்வல்தான், காந்தாரத்தில் பழைய சண்டை மறுபடி ஆரம்பிக்கும்.

இன்னொன்று. என் பியானோ அணைத்தால் டெம்பரமென்டை மறந்துவிடுகிறது, ட்யூனிங்கை மறப்பதில்லை. அடுத்த வாரம் காட்பாடியிலிருந்து நண்பன் கிட்டாரோடு வந்தான். ட்யூனர் ஆப் சரி என்கிறது, பியானோ இல்லை என்கிறது. அவன் பியானோவை நம்பி ஆறு கம்பியையும் ஏற்றி முடித்த பிறகுதான் எனக்கு அந்த 445 ஞாபகம் வந்தது.