குளுக்கோஸுக்கு முன்னால் ஓர் ஊசி

போன ஐப்பசியில் என் தங்கைக்குப் பத்தாவது வாரம். மூன்று வாரமாக எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. மசக்கை இப்படித்தான் இருக்கும் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் தண்ணீரும் உள்ளே தங்காமல் போகவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வந்துவிடும் என்பதுதான் என் கணக்கு. டாக்டரம்மாவோ நர்ஸிடம், "சலைன் மட்டும் ஓடட்டும். தயமின் போட்ட அப்புறம்தான் குளுக்கோஸ்" என்றார்.

ஏன் என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். தயமின் என்பது வைட்டமின் பி1. சோறு, சர்க்கரை எதுவானாலும் அதை எரித்துச் சக்தியாக்க இது வேண்டும். உடம்பில் மொத்தமே 25, 30 மில்லிகிராம்தான் இருப்பு இருக்கும். சாப்பாடு நின்றுபோனால் இரண்டு மூன்று வாரத்தில் அது தீர ஆரம்பித்துவிடும். அந்த நிலையில் குளுக்கோஸை ஏற்றினால் மிச்சமிருப்பதும் செலவாகி மூளை அடிவாங்கும். கண் ஆடும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். இதற்கு வெர்னிக்கி என்று பெயர். கவனிக்காமல் விட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகவே போய்விடலாம். குடிப்பவர்களுக்கு மட்டும் வருவதில்லை, கர்ப்பகால வாந்தியிலும் வரும். மூன்று வாரம் வீட்டிலேயே வைத்திருந்தோமே என்று அப்போதுதான் எனக்குக் கை நடுங்கியது.

அன்றிலிருந்து இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். மனதில் நின்றது புழுங்கல் அரிசியின் கதை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. மலாயாவில் தீட்டிய சயாம் பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களைத் தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் வாட்டியபோது, ஊர்ப் புழுங்கல் அரிசி சாப்பிட்ட நம் தமிழ்த் தொழிலாளர்களுக்கு அது அரிதாகவே வந்தது. 1905இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற டாக்டர் நோயாளிகளில் பாதிப் பேருக்கு அந்த அரிசியும் மீதிப் பேருக்கு இந்த அரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பக்கம்தான் நோயும் சாவும். பிறகு 1936இல் தயமினை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில்! இதைப் படித்த அன்று அம்மாவை எழுப்பிச் சொன்னேன்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு அக்கா அசதிக்கென்று பி காம்ப்ளெக்ஸ் வாங்கிப் போடுகிறார். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 1.1, 1.2 மில்லிகிராம்தான். பருப்பு, வேர்க்கடலை, புழுங்கல் சோறு என்று ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு அதிலேயே கிடைத்துவிடும். கூடுதலாகப் போவது சிறுநீரில் வெளியேறும். குறைபாடு இல்லாதவரின் அசதி இதனால் தீராது. அதற்கு வேறு காரணம் தேட வேண்டும் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் சாப்பிடாமல் குடிப்பவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், இரைப்பை அறுவை செய்துகொண்டவர்கள், என் தங்கை மாதிரி வாந்தியில் தவிப்பவர்கள் டாக்டரிடம் தயமின் பற்றி வாய்விட்டுக் கேளுங்கள்.

நான்காம் நாள் காலை அம்மா கொண்டுவந்த புழுங்கலரிசிக் கஞ்சி அரை டம்ளர் தங்கைக்கு உள்ளே தங்கியது. வாந்தி முழுதாக நிற்கும்வரை தயமின் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றார் டாக்டரம்மா. வைகாசியில் பெண் குழந்தை பிறந்தாள்.