இடது கை முதலில் பாடட்டும்: பியானோவில் மனோதர்மம், 14 வாரக் குறிப்பு

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் கீபோர்டு கற்றவர்களிடம் ஒரு பாட்டைக் கொடுங்க. வலது கையில் மெட்டு, இடது கையில் சி, எஃப், ஜி கார்டு (சேர்த்து அழுத்துகிற மூன்று ஸ்வரம்) என்று உடனே வாசித்துவிடுவார்கள். எழுதி வைக்காத ஒன்றை 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பாணியில் அப்போதே கட்டி வாசிக்கச் சொன்னால் கை நின்றுவிடும். கார்டைத் தனித்தனி மூட்டையாகத் தூக்கி வைத்துப் பழகியதுதான் காரணம். அந்தப் பாணியில் முதலில் பேஸ் (எல்லாவற்றுக்கும் கீழே இடது கையில் ஓடும் ஒற்றை வரி), பிறகுதான் கார்டு. இத்தாலியின் நேப்பிள்ஸில் அநாதைப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய இசைப் பள்ளிகளில் பேஸ் வரியை மட்டும் கொடுத்து, மேலே வரவேண்டியதைக் கையாலேயே போடச் சொல்வார்கள். அதற்குப் பார்த்திமென்தோ என்று பெயர். அங்கே ஆசிரியராக இருந்த ஃபெதெலே ஃபெனரோலி 1775-இல் விதிகளை அச்சிலேயே கொண்டுவந்துவிட்டார்.

கருவிக்காகக் காத்திருக்க வேண்டாம். 61 கட்டைக் கீபோர்டு போதும், மொசார்ட் காலத்துப் பியானோவுக்கும் 5 ஸ்தாயிதான். கீபோர்டு தானாகத் தாளமும் பக்கவாத்தியமும் போடும் ஸ்டைலையும் ஆட்டோ அக்கம்பனிமென்ட்டையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இடது கையில் அழுத்துகிற ஒற்றைச் ஸ்வரத்தைக்கூட அது கார்டாக மாற்றிவிடும். சஸ்டெயின் பெடலைக் கழற்றி வையுங்க, பிழைகளை மூடி மறைப்பது அதுதான். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குப் பக்கத்து வீடு என்றால் ஹெட்ஃபோன் இல்லாமல் மெட்ரோனோம் (சீராகத் தட்டிக் காலம் காட்டுவது) காதில் விழாது.

முதல் 5 வாரம் முழுக்க ஒரே பயிற்சி, பேஸில் சங்கராபரணம் (மேஜர் ஸ்கேல்) ஏறுவது. தினம் 25 நிமிடம், மெட்ரோனோம் நிமிடத்துக்கு 50 தட்டு, ஒரு ஸ்வரத்துக்கு 2 தட்டு. 1 கட்டை சுருதியில் (ச என்றால் சி), பேஸும் அதற்கு மேல் வலது கையும் (கீழிருந்து மேலாக):

ச: ப ச க
ரி: ப நி ம
க: ப ச க
ம: த ச ரி
ப: ப நி ரி
த: ம த ச
நி: ம ப ரி
ச: க ப ச

வாசிக்கும்போது பேஸ் ஸ்வரத்தை வாய்விட்டுப் பாட வேண்டும். "ஜி கார்டு" என்று நினைத்தால் ரி, ப, நி மூன்றுக்கும் மனதில் ஒரே பெயர் வந்து நிற்கும். "பேஸ் ரியில் இருக்கிறது" என்று நினைத்தால் அந்த இடத்துக்கு உரிய கையமைப்பு தானாக வரும்.

சறுக்குகிற இடம் பகரத்திலிருந்து தைவதம். பேஸ் ப, த என்று ஏறும்போது வலது கையும் கூடவே ஏறப் பார்க்கும்: ப நி ரி அப்படியே த ச ம ஆகிவிடும். இப்போது பேஸிலும் ப-த, மேலேயும் ப-த. பேஸும் வலது கை மூன்று விரலும் சேர்ந்த நான்கு குரலில் ஒன்று காணாமல் போய், அந்த இடம் மட்டும் மெலிந்து கேட்கும். இந்த இடத்தில் பேஸ் ஏறினால் வலது கை மூன்று விரலும் இறங்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அந்த இரண்டு பிடியை மட்டும் 40 தடவை வாசித்தால் கைக்குப் புரிந்துவிடும்.

இறங்குவது வேறு கதை. த வரும்போது மேலே ரி, பிரதி மத்யமம் (ம-வுக்கு அடுத்த கறுப்புக் கட்டை), ச. சங்கராபரணத்தில் ஒரு நொடி கல்யாணி எட்டிப் பார்க்கும், அடுத்த பகரத்தை ஊர் வந்து சேர்ந்தது போல உட்கார வைக்க. அதன்பின் பேஸ் ப-விலிருந்து ம-வுக்கு வரும்போது மேலே ரி ப நி அசையக் கூடாது. பேஸ் மட்டும் இறங்கி உரசும், அந்த உரசலைத் தீர்க்க பேஸ் க-வுக்குப் போயே ஆக வேண்டும். கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் மைனரில் இன்னும் சீக்கிரம் பிடிப்பார்கள்: பேஸ் ஏறும்போது கௌரிமனோகரி, இறங்கும்போது நடபைரவி.

ஆறாவது வாரத்திலிருந்து மனோதர்மம், அதாவது அப்போதே கட்டி வாசிப்பது. பேஸ் ம க ரி ச, அதற்கு மேல் மெட்டு த ப ம க. இரண்டும் கூடவே இறங்குகிற இந்தச் சொற்கட்டுக்கு இன்றைய ஆய்வாளர்கள் பிரின்னர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கால இசையில் திரும்பிய பக்கமெல்லாம் இது வரும். மெட்டின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாலாக உடைக்க வேண்டும். முதலில் கைக்கு வந்தது "த ச நி த, ப நி த ப, ம த ப ம, க". கேட்க ஏதோ காலி. பார்த்தால் இரண்டாவது ஸ்வரம் மூன்று முறையும் பேஸுக்குச் சரியாக ஐந்தாவதாக விழுகிறது: ம-ச, க-நி, ரி-த. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்தாவது வந்தால் குரல்கள் ஒட்டிக்கொள்ளும். "த நி த ப, ப த ப ம, ம ப ம க, க" என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. முடிவு ஸ்வரமே அடுத்ததன் தொடக்கம், ஜண்டை வரிசை பழகிய விரலுக்குப் புதிதில்லை.

முடித்து வைக்கப் பேஸில் ம, ப, ச. ப-வில் 2 தட்டு நின்று, மேலே முதல் தட்டில் ச, இரண்டாவதில் நி. அந்தச் சகாரம் முந்தைய ம-வின் பிடியிலேயே (த ச ரி) ஒலித்திருக்க வேண்டும். அதைப் பிடித்தபடியே வந்தால் ஏக்கமாகக் கேட்கும், புதிதாக அழுத்தினால் வெறும் தப்பாகத்தான் கேட்கும்.

14-ஆம் வாரம் வரை 1, 4, 5 கட்டை மூன்றிலும் 8 அட்சரம் நிற்காமல் போகிறது, வேகம் 66. 2 கட்டையில் (ச என்றால் டி) எஃப் ஷார்ப், சி ஷார்ப், இறங்கும்போது கூடுதலாக ஜி ஷார்ப் என்று விரல் தடுமாறுகிறது. மறுபடி மெட்ரோனோம் 50, பேஸ் மட்டும், பாடிக்கொண்டே.